செங்கத்தியும் கருங்கத்தியும்

சென்ற பருவத் தேர்வின்போது, நாம் பணிபுரியும் கல்லூரியில் இளங்கலை மாணவன் ஒருவனின் பை சோதனையிடப்பட்டது. தேடியது கைப்பேசியை, கிடைத்ததோ ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, கறுத்த இரும்பு, நான்கு விரற்கடை நீளத்தில் ஓர் அலகு. மடக்கும் இடத்தில் கயிற்று நார் சிக்கியிருந்தது. மூலனூரை அடுத்த சிற்றூர்க்காரன் அவன். விடியற்காலையில் முருங்கைக்காய் பறித்து, கட்டுக் கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டுத் தேர்வுக்கு ஓடி வந்தவன். கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர மறந்துபோனான்.

அதன்பின் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 'கத்தியோட காலேஜுக்கு வர்றானுங்க' என்று ஒரு குரல். 'எந்த ஊரு, என்ன ஆளுங்க?' என்று இன்னொரு குரல். பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். பனியன் கம்பெனியில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவன் தாயார் வந்து நின்றார். கழுத்தில் நாடாவில் தொங்கிய, பிசிறு வெட்டும் சிறு கத்தரியைக் கழற்றக்கூட அவருக்கு நேரமிருந்திருக்கவில்லை. கூர்மையில் அந்தக் கத்தரி மகனின் கத்திக்குச் சற்றும் இளைத்ததன்று. அதை எவரும் பார்க்கவில்லை. 'தெரியாமப் பண்ணிட்டானுங்க சார், காட்டு வேலைக்கு வெச்சிருக்கறதுங்க' என்று அவர் கைகூப்பியபோது, அதே அறையில் நாமும் உட்கார்ந்திருந்தோம். நம் தோள்பையின் முன்னறையில், சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை பொறித்த சுவிட்சர்லாந்துக் கத்தி ஒன்று இருந்தது. துறை நண்பர்கள் பலமுறை வாங்கிப் பார்த்து வியந்த கத்தி. அதைக் கொண்டுதான் விடைத்தாள் கட்டுகளின் நூலை அறுப்பது வழக்கம். நாம் வாயைத் திறக்கவில்லை.

அன்று திறக்காத வாயை இன்று திறக்கிறோம். அன்றாடம் உடன்கொண்டு செல்வதற்கு எத்தகைய கத்தியைத் தேர்வது என்னும் கேள்வி இலக்கிய வாசகர்க்கு அற்பமாகத் தோன்றலாம். பையில் பேனா இருந்தால் போதாதா, கத்தி எதற்கு என்று கேட்கும் நண்பர்களை நாம் அறிவோம். ஒரு கத்தியை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதில், அதை ஏந்தும் கையை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது. நம் வாதம் ஒரு வரியில் அடங்கும். கத்தியைத் தேர்வதற்கும் கத்தியைத் தீர்ப்பிடுவதற்கும் அளவுகோல் ஒன்றே. அது செய்யும் வேலை. கருவிகளின் எண்ணிக்கையோ, பிடியின் நிறமோ, வாங்கிய கடையின் பெருமையோ அளவுகோல் ஆகா.

முதலில் பேனாக்காரர்களுக்குப் பதில். பேனாக்கத்தி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இறகைச் சீவிப் பேனா செய்த காலத்தில், எழுதுகிறவன் கையில் இருந்தாக வேண்டிய கத்தி அது. எழுத்தும் கத்தியும் ஒரே பையில் கிடந்தவை என்பதற்கு அச்சொல்லே சாட்சி. மேலைநாட்டு வழக்கு அது என்று ஒதுக்குவோர்க்கு நம் எழுத்தாணியை நினைவூட்டுகிறோம். ஓலைச்சுவடிக் காலத்து எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பலவகை உண்டு. தம் இளமைக் காலத்துப் படிப்பை 'என் சரித்திரம்' நூலில் விவரிக்கும் உ. வே. சாமிநாதையர் இவற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒருபுறம் எழுத முனை, மறுபுறம் ஓலையை வார ஒரு கத்தி. மடக்கி உறையில் செருகிக்கொள்ளலாம். பல கருவிகள் சேர்ந்த மடக்குக் கத்தி என்று இன்று கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கப்படுவது இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். தமிழ் படித்தவனுக்குக் கத்தி அந்நியமென்று சொல்லுகிறவர், தமிழ் எதன்மேல் எதைக்கொண்டு எழுதப்பட்டது என்பதை மறந்தவர்.

மடக்கெழுத்தாணியில் இருப்பவை இரண்டே கருவிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓலையைச் சீர்செய்ய ஒன்று, எழுத ஒன்று. எழுதுகிறவனுக்கு அந்த இரண்டு வேலைகள்தான் இருந்தன. காதுகுடையும் முனையொன்றையும் அதிலேயே சேர்த்திருக்கலாம். நம் கொல்லர்க்கு அது கடினமன்று. சேர்க்கவில்லை. அதற்குக் குறும்பிவாங்கி தனியே இருந்தது. முள்ளெடுக்க முள்வாங்கி இருந்தது. நம் அப்புச்சியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் ஒரு சிறு கத்தியும் முள்வாங்கியும் கிடந்தன. அந்தப் பையை யாரும் காட்சிக்கு வைத்ததில்லை. அதில் வேலையில்லாத பொருள் ஒன்றுகூட இருந்ததுமில்லை.

இப்போது சிவப்புக் கத்தியின் கதைக்கு வருவோம். அதன் பக்தர்கள் அதன் வரலாற்றைப் படித்திருந்தால் நம்முடன் வாதிட வந்திருக்கமாட்டார்கள். சுவிட்சர்லாந்துப் படை 1889இல் புதிய துப்பாக்கி ஒன்றை ஏற்றது. அதைப் பிரித்துப் பூட்டத் திருப்புளி வேண்டியிருந்தது. களத்தில் உண்ணத் தகரப் பெட்டிகளில் அடைத்த உணவு வந்தது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. இவ்விரு தேவைகளிலிருந்து, ஓர் அலகு, ஒரு துளையூசி, ஒரு திருப்புளி, ஒரு டப்பா திறப்பான் ஆகிய நான்கும் கொண்ட படைவீரர் கத்தி பிறந்தது. மரப்பிடி, கருநிறம். மூலனூர் மாணவனின் கத்திக்குத் தூரத்து உறவென்றே சொல்லலாம். முதலில் அது ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. இபாக் என்னும் சிற்றூரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர், 1891இல் அதைத் தம் நாட்டிலேயே செய்து படைக்கு வழங்கலானார்.

பின்னர் 1897இல் அவர் பதிவு செய்ததுதான் அதிகாரி கத்தி. இரண்டாவதாக ஒரு சிற்றலகும், மதுப்புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் கருவியும் அதில் சேர்ந்தன. அதைப் படை வழங்கவில்லை. வேண்டிய அதிகாரிகள் தம் பணத்தில் வாங்கிக்கொண்டார்கள். வீரனுக்கு வேலைக்கான கத்தி, அதிகாரிக்கு விருந்துக்கும் சேர்த்த கத்தி. உலகம் பின்னாளில் கொண்டாடியது இரண்டாவதைத்தான் என்பதில் வியப்பில்லை. அன்று தொடங்கிய பெருக்கம் எங்கே போய் முடிந்தது? அதே மரபில் வந்த வெங்கர் நிறுவனம் 87 கருவிகளையும் 141 பயன்களையும் ஒரே பிடியில் அடுக்கிய கத்தியைச் செய்து கின்னஸ் ஏட்டில் இடம்பிடித்தது. அதை ஒரு கையால் பிடிக்க முடியாது. எந்தச் சட்டைப்பையும் அதைத் தாங்காது. எல்லா வேலைக்கும் ஆன கத்தி எந்த வேலைக்கும் ஆகாத கத்தியாக முடிந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு மாறான கதையொன்றும் உண்டு. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975இல் மனைவியுடன் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவெங்கும் சுற்றினார். வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. கையிலிருந்த பேனாக்கத்தியால் ஓரளவுதான் சமாளிக்க முடிந்தது. குறடு இல்லையே என்னும் ஏக்கம் மிஞ்சியது. ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் அட்டையிலும் மரத்திலும் உலோகத்திலும் மாதிரி செய்து பார்த்தார். குறட்டை நடுவில் வைத்து, கத்தியைக் கைப்பிடிக்குள் மடக்கிய கருவியை 1983இல்தான் அவரால் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. வேலை முட்டி நின்ற இடத்தில் கருவி பிறந்தது. பட்டியலிலிருந்து பிறக்கவில்லை.

ஆகவே, 'எத்தனை கருவிங்க இருக்குது?' என்று கேட்டுக் கத்தி வாங்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இது: கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் உங்கள் கைகளைக் கவனியுங்கள். எதை அறுத்தீர்கள், எதைத் திருகினீர்கள், எதைப் பிடித்து இழுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் கத்தி. நாமும் அப்படிக் குறித்துப் பார்த்தோம். நூல் அறுத்தது, தபாலுறை பிரித்தது, பழம் நறுக்கியது, மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கியது, வேலிகாத்தான் முள்ளை எடுத்தது. அவ்வளவே. நம் கத்தியிலுள்ள தக்கை திருகி ஒருமுறையேனும் தன் கடமையை ஆற்றியதில்லை. மீன் செதிலுரிக்கும் அலகு மீனைக் கண்டதேயில்லை. மூலனூர் மேட்டுநிலத்தில் உட்கார்ந்து மீன் செதிலுரிக்கும் கருவியைச் சுமந்த நம்மை நாமே நொந்துகொள்ள வேண்டியதுதான்.

ஏட்டுவேலைக்காரருக்கு 58 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு கத்தியே மிகை. ஓர் அலகு, கத்தரி, திருப்புளி முனை கொண்ட அரம், முள்வாங்கி, பல்குத்தி. எடை ஏறத்தாழ 21 கிராம். 33 பயன்கள் கொண்ட பெருங்கத்தியோ 185 கிராம். சட்டைப்பையைக் கீழே இழுக்கும் எடை அது. இழுக்கும் எதையும் மூன்றாம் நாள் மேசையில் வைத்துவிடுவோம். மேசையில் கிடக்கும் கத்தி உடன்செல்லும் கத்தி ஆகாது.

தோட்டத்தில் வேலை செய்பவரின் குறிப்பு வேறு. சொட்டுநீர்க் குழாயை அறுக்க வேண்டும். உரமூட்டையின் வாய்த் தையலைப் பிரிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியின் திருகைக் கழற்ற வேண்டும். தளர்ந்த கம்பியை முறுக்க வேண்டும். அவருக்குக் குறடு உள்ள கருவி தகும். அதன் எடை கால் கிலோவை நெருங்கினாலும் இடுப்புப் பட்டை தாங்கும். கிளுவை வேலியை ஒழுங்குசெய்ய இவை எதுவும் உதவா, அதற்குக் கொடுவாள்தான். மடக்குக் கத்தியால் கிளை வெட்ட முயன்று அதன் அச்சாணியை உடைத்தவர்களை அறிவோம். ஆடைத் தொழிலில் இருப்பவர்க்கோ கத்தியைவிடக் கத்தரியே முதன்மை. பின்னலாடையில் பிசிறு வெட்டும்போது அலகின் நுனி பட்டால் துணியில் ஓட்டை விழும்; ஓர் ஓட்டை ஓர் உருப்படியையே கழிவாக்கும். கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்ட அந்தத் தாயாரின் கத்தரி, எந்த விளம்பரத்தையும் படிக்காமல் செய்யப்பட்ட மிகச் சரியான தேர்வு.

எஃகைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கடினமான எஃகே சிறந்த எஃகு என்கிறார்கள். மிகக் கடினமான எஃகு நெடுநாள் கூர்மை தாங்கும். மழுங்கினாலோ ஊரிலுள்ள சாணைக்கல்லுக்கு எளிதில் மசியாது. சற்று மென்மையான எஃகு விரைவில் மழுங்கும். ஐந்து நிமிடம் தீட்டினால் மீளும். மாணவனின் கத்தியைப் போன்ற கறுத்த இரும்பு ஈரத்தில் துருப்பிடிக்கும். புளிப்பு பட்டால் நிறம் மாறும். துடைத்துச் சொட்டு எண்ணெய் விட்டால் தலைமுறை கடந்து உழைக்கும். எதைத் தீட்டத் தெரியுமோ அதையே வாங்குக. மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும். அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்குகிறது. நுனியால் குத்தித் துளைக்கும் வேலை இருப்பின் அலகு பூட்டிக்கொள்ளும் வகையே நன்று. வில்லின் விசையால் மட்டும் நிற்கும் அலகு, குத்தும்போது விரல்மேல் மடங்கிவிடும்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஆசிரியர்களின் அச்சம் வெற்றச்சமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை அளித்தது. இந்தப் பின்னணியில் ஒரு கல்வி நிலையம் கத்தியைக் கண்டு திடுக்கிட்டால் அதைப் பழிக்க இயலாது. வளாகத்துக்குள் எவரும் கத்தி கொண்டுவரக் கூடாது என விதி வகுக்கட்டும், வரவேற்போம். ஆனால் அந்த விதி எவருக்கும் என்பதில் நமக்கும் இடமிருக்க வேண்டும். அன்று அந்த அறையில் இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று ரசனையாகவும் கொள்ளப்பட்டது. நாங்குநேரியில் வெட்டியது இரும்பு மட்டுமன்று. இவன் இன்னார் மகன் என்று முதலில் பார்க்கும் கண் அந்த இரும்புக்கு முன்னே சென்றது. 'என்ன ஆளுங்க?' என்று நம் அறையில் கேட்ட குரலும் அதே கண்ணின் குரல்தான். அரிவாளுக்கு அஞ்சுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அரிவாளைத் தூக்கவைக்கும் கேள்வியைக் கேட்பது எவ்வகை எச்சரிக்கை?

சட்டம் இவ்விடத்தில் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. அப்போதும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவற்றை விலக்கி வைக்கின்றன. நீளத்தையும் அகலத்தையும் அளந்தபின் சட்டம் கேட்பது, 'எதற்காகச் செய்யப்பட்டது?' என்பதே. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைப் பொதுவிடத்தில் வைத்திருக்கக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் தக்க காரணம் வேண்டும். விமானத்தின் பயணியறைக்குள் சிவப்பும் கறுப்பும் ஒருசேரத் தடை. பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதுதான். அங்கே பேராசிரியர் என்ற சலுகை கிடையாது. பாகுபாடற்ற கண்டிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு அந்தச் சோதனை வாயில் நல்ல பாடம்.

பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகியதையொட்டி, அலகே இல்லாத மடக்குக் கருவி ஒன்றை உருவாக்கிவருவதாக விக்டோரினாக்ஸ் நிறுவனம் 2024இல் அறிவித்தது. மிதிவண்டி ஓட்டுபவர்க்கு அது பயன்படலாம், தடையில்லை. அலகைக் கழற்றிவிட்டால் அச்சமும் கழன்றுவிடும் என்று நம்புவோர்க்கு மட்டும் ஒன்று சொல்வோம். முருங்கைக்கட்டின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுக்க முடியாது. அலகை விலக்கும் வசதி, அலகு தேவைப்படாத வாழ்க்கை வாய்த்தவர்க்கே உண்டு.

நம் குறை எங்கிருந்து வந்தது என்று யோசித்தோம். தமிழ்த்துறையில் இருபதாண்டுகளாகத் திணையும் கருப்பொருளும் நடத்துகிறோம். உழவரின் தொழிலைக் கருப்பொருள் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அதே தொழிலின் கருவி மாணவனின் பையிலிருந்து விழுந்தால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. அரிவாள் என்றதும் வெட்டுக்குத்து மட்டுமே தோன்றும்படி திரைப்படங்கள் செய்தது ஒருபுறம் இருக்கட்டும்; நாம் என்ன செய்தோம்? திருப்புளி, துளையூசி, முள்வாங்கி, குறடு என்னும் சொற்களைக் கேட்டால் நம் மாணவர் சிலர் விழிக்கிறார்கள். அவற்றைக் கையால் அறிந்த மாணவனோ நம் வகுப்பின் கடைசி வரிசையில், கத்தியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கருவியை மறைக்க நேர்ந்தவன் அதன் பெயரையும் சேர்த்து மறைப்பான். சொற்கள் இப்படித்தான் சாகின்றன; அகராதியில் இல்லாமல் போவதால் அன்று.

ஆகவே நண்பர்களே, கத்தி வாங்குங்கள். சிவப்போ கறுப்போ, வேலைக்கு ஏற்றதாய் வாங்குங்கள். குறைவான கருவிகள், தீட்டத் தெரிந்த எஃகு, மறந்துபோகுமளவு எடை. வேலையில்லாதவர் வாங்காதிருத்தலும் நன்றே. உங்கள் கத்திக்கு நீங்கள் கோரும் மரியாதையை, பக்கத்து இருக்கைக்காரரின் மரப்பிடிக் கத்திக்கும் கொடுங்கள்.

அந்தக் கருங்கத்தி இன்னும் அலுவலக இழுப்பறையில் கிடக்கிறது. அதை அவன் தாயாரிடம் திருப்பித் தரும்படி எழுதிக் கொடுக்கப் போகிறோம். வளாகத்தில் கத்தி கூடாது என்னும் விதிக்கு முதல் கையொப்பமும் இடுவோம். அடுத்த தேர்வன்று வாயிலில் மாணவரோடு வரிசையில் நின்று நம் பையையும் திறந்து காட்டுவோம். அதற்குள் சிவப்புக் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வர நாமும் மறக்காதிருக்க வேண்டும்.